ரஸ்ஸல் பாஸ்கோவின் விளையாட்டறை

ரஸ்ஸல் பாஸ்கோவுக்கு நாற்பத்தெட்டு வயது. பில்பரா இரும்புச் சுரங்கத்தில் பெரிய லாரி ஓட்டுகிறான். வீடு பெர்த்துக்குத் தெற்கே பால்டிவிஸில். இரண்டு வாரம் சுரங்கத்தில், ஒரு வாரம் வீட்டில் என்று பதினோரு வருடம் விமானத்தில் போய்வந்ததில் ஆளுக்கு எல்லாமே மரத்துப்போய்விட்டது. மனைவி நரெல் விவாகரத்துக் காகிதத்தை மேசையில் வைத்த அன்று, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் புல் வெட்டப் போனான். கல்நெஞ்சன் என்று நரெலின் அக்கா சொல்லிக்கொண்டு திரிகிறாள். கல்நெஞ்செல்லாம் இல்லை. வலிக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு வலிப்பதில்லை, அவ்வளவுதான். அது அவனுக்கே தெரியும். அதற்கு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

மகள் டீகனுக்குப் பதினாறு. ரஸ்ஸல் வீட்டிலிருக்கும் வாரம் அவனோடு, மற்ற நாளெல்லாம் மூன்று தெரு தள்ளி அம்மாவோடு. இப்போது நரெலுக்கு ஆல்பனியில் வேலை கிடைத்திருந்தது. காரில் நாலு மணி நேரத்துக்கு மேல். அம்மாவோடு போவதா, அப்பாவோடு இங்கேயே இருப்பதா என்று ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக டீகன் சொல்லியிருந்தாள். இருக்கிறேன் என்றால், சுரங்கத்தை விட்டுவிட்டு பக்கத்திலேயே க்வினானாவில் ஒரு லாரி டிப்போவில் சேர்ந்துவிடுவதென்று ரஸ்ஸல் பேசி வைத்திருந்தான்.

சுரங்கத்து ஆட்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து சாயங்காலங்களில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மகளோடு வீடியோ கேம் ஆடுவது அவன் வழக்கம். அப்போது டீகனுக்கு வாய் ஓயாது. பள்ளிக்கூடம், சண்டை போட்ட சிநேகிதி, அம்மா வாங்கிய நாய் எல்லாம் வரும். அவனும் பேசுவான். வீட்டுக்கு வந்து ஒரே மேசையில் உட்கார்ந்தால் மட்டும் இருவருக்கும் பேச்சு செத்துவிடும். பெரிய திரை போட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டவன், அந்த வாரம் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டைக் காலி செய்ய ஆரம்பித்தான்.

தகரச் சுவருக்கு உள்ளே பலகை அடித்து, மூன்று பக்கம் கருஞ்சாம்பல் பூசி, நாலாவதை வெள்ளையாக விட்டான். ரோலர் கதவின் இடுக்குக்கு ரப்பர் பட்டை. ஜன்னலுக்கு அலுமினியத் தாள். கேம்ப்பில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் ஒட்டுவது அதைத்தான். புரொஜெக்டரை மாட்ட, பக்கத்து வீட்டு ப்ரூனோ வந்து ஏணியில் நின்றார்.

"என்னடா ரஸ், படம் நேராத்தானே இருக்கு? மறுபடி எதுக்குக் கழட்டச் சொல்ற?"

"ஓரமா மாட்டிட்டேன் ப்ரூனோ. கோணலா விழுற படத்த மெனுல இழுத்து நேராக்கினா, பட்டன அமுக்குறது திரையில லேட்டா தெரியுது."

"எவ்ளோ லேட்டு?"

"கண்ணு மூடித் தெறக்குற நேரம்."

"அடப்பாவி! அதுக்கா எழுவது வயசுக் கெழவனை ஏணியில ஏத்துற? நல்லாருக்கியான்னு கேட்டா நீயே மறுநாள்தானே பதில் சொல்ற!"

ரஸ்ஸல் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தான். பிறகு நடு உத்தரத்தை அளந்து புதிதாகத் துளை போட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் மகளைக் கூட்டிவந்து காட்டினான்.

"ஐயோ அப்பா, தியேட்டரே கட்டிட்டியா!"

சந்தோஷமாகத்தான் சோபாவில் குதித்து உட்கார்ந்தாள். சுவர் முழுக்கக் கார்கள் பறந்தன. "ஸ்கூல் எப்படிம்மா?" என்றான். "பரவால்ல." "நாய்?" "நல்லாருக்கு." அதோடு சரி. தின்ன வாங்கி வைத்த இறைச்சி பஃப்ஸ் இரண்டும் தட்டில் ஆறிப்போயின. முக்கால் மணி நேரத்தில், தலை வலிக்கிறது என்று எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். ஒரு தகப்பன் அந்த இடத்தில் எழுந்து பின்னாலேயே போயிருக்க வேண்டாமா? இவன் உட்கார்ந்து சத்தத்தைக் குறைத்தான்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சுவரில் டீகனின் பெயர் வந்தது. தன் அறையிலிருந்து ஆடக் கூப்பிடுகிறாள். ஹெட்செட்டை எடுத்து மாட்டினான்.

"அப்பா, இருக்கியா?"

"இருக்கேன்மா."

"பாலத்து வழியா வா. நான் காவல் நிக்கிறேன். ஏய், சுவத்துல முட்டிக்காதப்பா, குருடா நீ?"

பழைய டீகன். கணக்கு வாத்தியாரைத் திட்டினாள், நாய் செருப்பைத் தின்ற கதையைச் சொன்னாள். அவனும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னான். பத்து நிமிடம் போயிருக்கும்.

"அப்பா, நான் ஆல்பனிக்குப் போறேன்."

"சரிம்மா."

"கோவமா?"

"இல்ல."

"அழுகை வருதா?"

"வரல." பிறகு உண்மையைச் சொன்னான். "வரணும்தானே, டீகன்? வரமாட்டேங்குது. எப்ப நின்னுச்சுன்னே தெரியல."



"அதாம்ப்பா. பக்கத்துல உக்காந்தா பயமா இருக்கு. சோபால யாருமே இல்லாத மாதிரி. இங்கேருந்து பேசுனா, நீ தூரமா இருக்கிறதாலதான் இப்படின்னு நெனச்சுக்கலாம்."

"சரிதான்மா," என்றான். இருவரும் அந்த ஆட்டத்தை முடித்தார்கள்.

திங்கட்கிழமை டிப்போவுக்கு ஃபோன் போட்டு, வேலை வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டார்கள். "பொண்ணுக்கு நான் தூரமா இருந்தாத்தான் வசதி," என்றான். அந்தப் பக்கம் ஃபோனை வைத்து வெகுநேரம் ஆகியும், இவன் தன் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.