நகக்கண்ணில் ஒரே ஓர் ஊசி

அடுத்தவர் விரலில் ஊசி ஏறும்போது அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதும், அவர் திட்டுகிற திட்டைச் சிங்களத்தில் மரியாதையாக மாற்றிச் சொல்வதும்தான் என் உத்தியோகம். பேருக்கு, ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் அட்டெண்டன்ட். சப்ரகமுவவில் இரண்டு பாஷை தெரிந்து தொலைத்தவர்களுக்கு என் பாடு புரியும். பொலிஸில், தபால் கந்தோரில், பஸ்ஸில் உங்களையும் இப்படித்தானே இழுத்து நிறுத்தியிருப்பார்கள்? யுத்தம் முடிவதற்குக் கொஞ்சம் முந்திய அனுபவம் இது.

பாலும் பாலுண்ணியும்

மாரியாயி அக்கா யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். புருஷன் இல்லை. ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறாள். தோட்டத்து லயத்தில் அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறை, அந்தக் காம்பரா, செக்ரோல் என்கிற வேலையாள் பேரேட்டில் அக்காவின் பேர் இருக்கும் வரைக்கும்தான். அந்தப் பேருக்கு வேட்டு வைக்க வந்தது மரு. வலக்கையில் நகத்தைச் சுற்றி முளைத்து, நகத்துக்கு அடியிலும் புகுந்து, பால் வெட்டுகிற கத்தியைப் பிடிக்க விடவில்லை.

தோட்டத்தில் மருவுக்குப் பாலுண்ணி என்றும் சொல்வார்கள். றப்பர் பால் பட்டுத்தான் பாலுண்ணி வருகிறது என்பது அங்கே சட்டம். இது வைரஸ் என்று டொக்டர் மிஸ் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன. என்ன போட்டீர்கள் என்றால், ஸ்டோரில் றப்பர் பாலை உறைய வைக்கிற அசிட்டாம். எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "பாலையே ஒறைய வைக்கிற மருந்து பாலுண்ணிய ஒறைய வைக்காதா தம்பி?"

ஒண்ணுதானா?

புண் ஆறியதும் ஊசி. சின்னப் பிள்ளைகளுக்குப் போடுகிற அம்மைத் தடுப்பூசி மருந்தை, பெரிய மருவாகப் பார்த்து ஒன்றில் மட்டும் ஏற்றுவது மிஸ்ஸின் வைத்தியம். உடம்பு விழித்துக்கொண்டு மற்ற மருக்களையும் தானே விரட்டிவிடும். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் வர வேண்டும். நகக்கண்ணில் ஊசி இறங்குவது எப்படியிருக்கும் என்று, கதவிடுக்கில் விரல் நசுங்கியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அக்கா கண்ணீர் வடிய வடியப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கையை எடுக்காமல் அடுத்த விரலை நீட்டினார். போதும் என்றேன். அதற்கடுத்த விரலை நீட்டினார். உடம்பு விழிப்பது, மருவை விரட்டுவது எல்லாவற்றையும் மறுபடி விளக்கினேன். அவர் முகம் சிறுத்துவிட்டது. "டவுன் ஆளுகளுக்கும் ஒண்ணுதான் போடுவீங்களா, இல்ல தோட்டத்து ஆளுன்னா மட்டுமா?"

ஆத்தா வந்த வீடு

ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன். என்ன ஊசி என்று கேட்டதற்கு அம்மை ஊசி என்றேன். வேறு என்ன சொல்வது? வீட்டுக்குப் போய்க் காய்ச்சல் வந்ததும், அக்கா எங்கிருந்தோ வேப்பிலை தேடிப்பிடித்துக் காம்பரா வாசலில் கட்டிவிட்டார். கறி, மீன் கிடையாது. தலைக்குத் தண்ணி ஊற்றும் வரைக்கும் படி தாண்டுவதும் கிடையாது. கிளினிக்குக்கு வருகிற நாளுக்கே செக்ரோலில் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. இதில் இதுவும் சேர்ந்தால் வேலைக்குப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளை சும்மா இருப்பாரா?

அடுத்த கிளினிக்கில் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அது மருந்து, ஆத்தா இல்லை என்றேன். அக்கா இரண்டாவது ஊசிக்கு விரலை நீட்டிக்கொண்டே சொன்னார்: "ஊசி வழியா வந்தாலும் ஆத்தா ஆத்தாதானே தம்பி. தொரைக்குப் பயந்து அவள வெளிய போன்னு சொல்லவா?"

கொஹொமத?

அக்காவுக்குச் சிங்களம் கடைகண்ணியில் வரும், டொக்டர் முன்னால் வராது. மூன்றாவது ஊசிக்கு வந்த அன்று, என்னை மருந்தெடுக்க அனுப்பியிருந்த நேரத்தில் அவருடைய முறை வந்துவிட்டது. எப்படியிருக்கிறது என்பதற்கு மிஸ் "கொஹொமத?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் போகவில்லையே என்ற கவலையில் அக்கா கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டி, "மரு" என்றிருக்கிறார். சிங்கள இளசுகள் பேச்சில் மரு என்றால் பிரமாதம். மிஸ் கலகலவென்று சிரித்து, தோளைத் தட்டி, ஊசி போடாமலே அனுப்பிவிட்டார்.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் அக்காவைப் பிடிப்பதற்குள் கிளினிக்கைப் பூட்டிவிட்டார்கள். ஒரு நாள் வேலை போனதுதான் மிச்சம். மிஸ் ஏன் சிரித்தார் என்று விளக்கினேன். அக்கா அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "நமக்குச் சீக்கு, அவங்களுக்குப் பிரமாதமா? நல்லாத்தான் இருக்கு."

சுத்தமான கை

விட்டுப்போன ஊசியையும் போட்டுக்கொண்டு, பிறகு ஒருநாள் அக்கா வந்தபோது ஊசி போட்ட மருவும் இல்லை, போடாத மருக்களும் இல்லை. மிஸ் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு அந்தக் கையைக் காட்டினார். அவர் நல்ல மனுஷி, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அக்கா என்னிடம் தமிழில் சொன்னார். ஒழுங்காக வேலைக்கு வரவில்லை என்று செக்ரோலில் பேரை வெட்டிவிட்டார்களாம். மாதம் முடிவதற்குள் காம்பராவை விட வேண்டுமாம். மகளைக் கொழும்பில் வீட்டு வேலைக்குக் கேட்டு ஆள் வந்து போயிருக்கிறதாம்.

மிஸ்ஸிடம் சொல்லட்டுமா, துரைக்கு ஒரு கடிதம் தருவார் என்றேன். "நான் பால் வெட்டுன மலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க தம்பி, விடுங்க" என்றார். அப்போது மிஸ் நிமிர்ந்து, முகமெல்லாம் சந்தோஷமாக, "கொஹொமத?" என்று கேட்டார். அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மிஸ்ஸைப் பார்த்து, சிரிக்காமல், "மரு" என்றார்.

மரு போன கதையைச் சொல்ல எங்கள் கிளினிக்கில் இரண்டு பாஷை உண்டு, பேர் போன கதையைக் கேட்கத்தான் எந்தப் பாஷையிலும் ஆள் கிடையாது.