நத்தையாரின் பாறைவண்டி

நான்கு சக்கரங்களையும் கழற்றி, சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடை பார்த்துக்கொண்டிருக்கிறார் நத்தையார். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே எடையாக இருக்க வேண்டும். வலது சக்கரம் அரை கிராம் கூடுதல். உட்புறம் ஒட்டியிருந்த ஈயத் துண்டைப் பிய்த்து, நகம் வெட்டுவதுபோல ஓரத்தை நறுக்கி, மறுபடி ஒட்டி, மறுபடி தராசு. இப்போது இடது கூடுதல். முகத்தில் எரிச்சல் துளிகூடக் கிடையாது. இப்படியே நறுக்கி நறுக்கி இரண்டு சக்கரமும் காணாமல் போனாலும், சமமாகப் போயிற்றே என்று திருப்தியோடு எழுந்து போகிற மனிதர்.

தொழில் மூக்குக்கண்ணாடி. மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை உள்ளிழுக்க வேண்டிய அகலத்தில் ஒரு கடை. முன்பக்கம் மனைவி எழுத்துப் பலகையை மாட்டிவைத்து வந்தவர்களின் கண்ணைச் சோதிப்பார். பின்பக்கம் இவர் கடுகைவிடச் சின்னத் திருகாணிகளைச் சட்டத்தில் முடுக்குவார். முப்பது வருடமாக ஒரு திருகாணியைக்கூடத் தரையில் தேடியதில்லை என்பது தெருவுக்கே தெரிந்த பெருமை.

‘நத்தையார்’ என்ற பட்டம் போட்டிக்காரர்கள் கொடுத்தது. ரிமோட்டில் ஓட்டும் வண்டிகளைப் பாறைமேல் ஏற்றும் போட்டி அது. மற்றவர்கள் விசையை அழுத்தி உறுமிக்கொண்டு தாவுவார்கள். இவர் வண்டி தாவாது, தவழும். ஒருமுறை அது பாறை ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் கூரையில் ஒரு சிலந்தி வலை பின்ன ஆரம்பித்து, உச்சிக்குப் போவதற்குள் குடித்தனம் நடத்தி முட்டையும் இட்டுவிட்டதாம். கண்ணால் பார்த்த சாட்சிகள் ஏழு பேர். சிலந்தியின் நிறத்தில் மட்டும் ஏழு பேருக்கும் ஒற்றுமை இல்லை.

“மெதுவா போங்கன்னா எல்லாரும் கொஞ்சம் மெதுவா போறாங்க. நான் சொல்றது அது இல்ல. இன்னும் மெதுவா. கல்லுக்கே தெரியக் கூடாது, மேல ஒண்ணு ஏறுதுன்னு” என்பார்.

வண்டியை வெளியாள் பார்த்தால் பொம்மை என்பான். முழங்கை நீளம், ஒரு பிறந்த குழந்தையின் எடை. ஆனால் அதில் கடையில் வாங்கி அப்படியே மாட்டியது எதுவும் இல்லை. கார்பன் தகட்டை அறுத்து உடம்பு செய்தது அவர். டயருக்குள் காற்றுக்குப் பதிலாக அடைத்திருக்கும் நுரைப்பஞ்சை, தலைமுடி திருத்துவதுபோலக் கத்தரியால் சுற்றிலும் திருத்தியது அவர். பாறை விளிம்பில் டயர் அப்படியே பிசைந்த மாவாகப் படிய வேண்டுமாம். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்படி பல்சக்கரங்களை மாற்றியிருந்தார். “முன்னாடி இருக்கறது இழுத்துக்கிட்டே போகணும். பின்னாடி இருக்கறது தள்ள ஆரம்பிச்சா குடும்பமே கவுந்துரும்” என்று மனைவி காதில் விழும்படி ஒரு விளக்கம் வேறு.

எடை முடிந்தால் பலகை. நீளப் பலகையில் வண்டியை நிறுத்தி, ஒரு முனையை விரல் விரலாக உயர்த்திக்கொண்டே போவார். எந்தச் சாய்வில் வண்டி பின்னால் மல்லாந்து விழுகிறதோ அங்கே சுவரில் ஒரு பென்சில் கோடு. ஈயத்தை நகர்த்தி, ஷாக் அப்சார்பரில் இன்னும் கெட்டியான எண்ணெய் ஊற்றி, மறுபடி உயர்த்துவார். விருந்தாளி படுக்கவேண்டிய அறையில் இப்போது பதினோரு பாறைகள் படுத்திருக்கின்றன. “என் தங்கச்சி வந்தா எங்க படுப்பா?” என்று மனைவி கேட்டதற்கு, “தட்டையா ஒண்ணு இருக்கே” என்றார். அன்று இரவு அவருக்கு மட்டும் சாப்பாடு ஆறியே வந்தது.

இந்த வருடத்துப் போட்டிக்கு வண்டி தயாராகும்போதுதான் முன்சக்கரங்கள் நடுங்க ஆரம்பித்தன. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சும்மா நிறுத்திவைத்தாலும், குளிரில் நிற்கிறவன் தாடைபோல இடமும் வலமுமாகச் சின்னதாக ஒரு வெடவெடப்பு. சக்கரத்தைத் திருப்புவது சர்வோ என்ற தீப்பெட்டி அளவு மோட்டார். அதுதான் கெட்டுவிட்டது என்று மாற்றினார். நடுக்கம் நிற்கவில்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைப் பெரிய விலை கொடுத்து வாங்கிப் போட்டார். அதுவும் அதே ஜுரத்தில் நடுங்கியது. கம்பிகளை மாற்றினார், பேட்டரியை மாற்றினார். பக்கத்துத் தையல் கடை இயந்திரத்திலிருந்துதான் ஏதோ அலை வருகிறது என்று தையல்காரரை அரைமணி நேரம் தைக்காமல் உட்காரவைத்தார்.

மைத்துனர் வந்தது அந்தச் சமயத்தில். மனைவியின் தம்பி, கிரேன் ஓட்டுகிறவர், இந்தப் போட்டிகளுக்கு நடுவரும் அவரே. நாற்பது டன் இரும்பைத் தூக்கி ஒரு முட்டைமேல் இறக்கி, முட்டை உடையாமல் திரும்ப எடுப்பேன் என்று சொல்லிக்கொள்பவர். அந்த முட்டையை இதுவரை யாரும் பார்க்கவில்லை. ரிமோட்டை வாங்கி, வண்டியைத் தட்டைப் பாறைமேல் ஒரு சுற்று ஏற்றி இறக்கினார். முன்சக்கரங்கள் வெண்ணெயில் விட்ட கத்திபோல வழுக்கிக்கொண்டு திரும்பின.

“ஒரு குறையும் இல்லையே மச்சான். நீங்கதான் கல்யாணப் பொண்ணு மாதிரி அதைப் போட்டு சீவி சிங்காரிச்சுக்கிட்டிருக்கீங்க.”

நத்தையார் ரிமோட்டைத் திரும்ப வாங்கவில்லை. அங்கே வை என்று தாடையால் காட்டிவிட்டு, வலக்கையைத் தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவே செருகிக்கொண்டார்.

அந்த வாரம் கடையில் ஒரு திருகாணி கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று. ஸ்க்ரூடிரைவரில் காந்தம் போய்விட்டது என்றார். மனைவி குனிந்து இரண்டையும் பொறுக்கிக் கொடுத்தார். எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிற ஆட்களை இருபத்தைந்து வருடமாகப் பார்த்தவர் அவர். கண் தெரியாதவன் எந்த இடத்தில் குரலை உயர்த்துவான் என்பது அவருக்கு அத்துப்படி.

“அந்தக் கை டாக்டர்கிட்ட எப்ப போகப்போகுது?” என்றார் மதியச் சாப்பாட்டின்போது.

“கை எங்க தனியா போகும்? நானும் கூடப் போகணும்.”

“சரி, ரெண்டு பேருமா போங்க. திங்கக்கிழமை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கேன்.”

“ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு.”

“அதான் திங்கக்கிழமைன்னேன்.”

“குச்சி நட்ட பத்து வாசலும் ஏத்திட்டேன்னு வை, அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். டாக்டருக்கு வேற வேலை இருக்கும்.”

“ஏத்தலைன்னா?”

நத்தையார் தட்டில் இருந்ததை இடக்கையால் சாப்பிட்டு முடித்தார். கேட்டால் வலக்கையில் பசை ஒட்டியிருக்கிறது என்று சொல்லத் தயாராக இருந்தார். மனைவி கேட்கவில்லை.

ரிமோட்டில் ஓர் எண் உண்டு. ஓட்டுகிறவர் கையின் எத்தனை சின்ன அசைவுவரை வண்டி காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதைச் சொல்லும் எண். நத்தையார் எப்போதும் அதைப் பூஜ்யத்தில் வைத்திருப்பவர். என் விரல் நினைத்தாலே சக்கரம் திரும்ப வேண்டும் என்பவர். அந்த எண்ணை இரண்டாக்கினார். நடுக்கம் குறைந்தது. ஐந்தாக்கினார். எட்டில் சக்கரங்கள் கப்சிப் என்று நின்றன. அறையில் பதினோரு பாறைகளையும் வரிசையாக ஏற்றிப் பார்த்தார். ஏறியது. அன்றைக்குச் சீட்டியடித்துக்கொண்டே கடைக்குப் போனார். சீட்டியில் ராகம் ஒன்றும் இல்லை, காற்றுதான் வந்தது.

போட்டி நடந்தது கல் எடுத்துத் தீர்ந்துபோன ஒரு குவாரியில். பாறைகளுக்கு நடுவே இரண்டிரண்டு குச்சிகளாக நட்டுப் பத்து வாசல்கள். குச்சியில் இடித்தால் அபராதம், கையால் வண்டியைத் தொட்டால் பெரிய அபராதம், நேரம் ஆறு நிமிடம். நடுவர் மைத்துனர் விசிலும் கையுமாக நின்றார். மனைவி முதல்முறையாக வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கூட்டத்தோடு நிற்காமல், கணவரின் வலப்பக்கம் மூன்றடி தள்ளி நின்றுகொண்டார்.

முதல் ஏழு வாசல்களை வண்டி குனிந்த தலை நிமிராமல் கடந்தது. நாலாவது வாசலில், செங்குத்துச் சுவரில் முன்சக்கரம் இரண்டும் பல்லிபோல ஒட்டிக்கொண்டு ஏறியபோது எதிராளிகளே கைதட்டினார்கள். “நத்தை இன்னைக்குப் பறக்குதுய்யா” என்று ஒருவர் சொன்னார். நத்தையார் காதில் அது விழவில்லை.

எட்டாவது, ஒரு பலகைப் பாறையின் விளிம்பு. இரண்டு விரல் அகலம்தான் வழி. அங்கே சக்கரத்தை ஒரு மயிரிழை இடப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினார். வண்டி கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். கேட்கவில்லை. இந்த மயிரிழைக்காகத்தான் முப்பது வருடக் கை; அதையும் சேர்த்துத்தான் எட்டு என்ற எண் காதை அடைத்துவிட்டது. மூன்றாவது முறை இன்னும் திருப்பியபோது திடுக்கிட்டு விழித்ததுபோல ஒரேயடியாகத் திரும்பி, விளிம்பைத் தாண்டி, இரண்டு குட்டிக்கரணம் போட்டுக் கீழே மல்லாந்தது.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு மச்சான்” என்றார் மைத்துனர். “தொட்டு நிமித்திக்கலாம். அபராதம்தான்.”

நத்தையார் இறங்கிப் போய் வண்டியை இடக்கையால் நிமிர்த்தி விளிம்பின் அடியில் வைத்தார். பிறகு ரிமோட்டைக் கண்ணருகே தூக்கிப் பொத்தானை அழுத்த ஆரம்பித்தார். எட்டு, ஏழு, ஆறு. ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இறக்கினார். பூஜ்யம் வந்ததும் வலக்கை விரல்களை அதன் இடத்தில் வைத்தார். எல்லோர் முன்னாலும் முன்சக்கரங்கள் நடுங்கத் தொடங்கின. சரளைக்கல் சின்னச் சத்தத்தோடு இரண்டு பக்கமும் சிதறியது.

“சர்வோ போச்சு” என்றார் ஒருவர்.

“சர்வோ இல்ல, ரிசீவர். விழுந்த அடியில கழண்டிருக்கும்.”

“போன வாரம் நானே ஓட்டினேனே, நல்லாத்தானே இருந்துச்சு” என்றார் மைத்துனர். சொல்லிக்கொண்டே வந்தவர், மூன்றாவது சொல்லில் அக்காவின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். நேரம் முடிந்தும் விசிலை ஊத மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

எதிராளிகளில் ஒருவர் நல்ல மனசுக்காரர். தன் பெட்டியைத் திறந்து, உறை பிரிக்காத புது சர்வோ ஒன்றை எடுத்துக்கொண்டு, மறுகையில் ஸ்க்ரூடிரைவரோடு பாறைகளுக்கு மேல் தாவி ஓடிவந்தார். “அஞ்சு நிமிஷம் குடுங்க சார், நான் மாத்தித் தர்றேன். இவ்வளவு நல்லா ஏறின வண்டி.”

நத்தையார் அவரைக் கையமர்த்தினார். ரிமோட்டைத் தட்டையான ஒரு கல்லின்மேல் வைத்து, வலக்கையை அதன்மேலேயே விட்டபடி, மனைவி இருந்த பக்கமாகத் திரும்பினார். வண்டியைப் பார்க்கவே இல்லை. ரிமோட்டிலிருந்து வலக்கையை எடுத்தார். சக்கரங்கள் நின்றன. கையை வைத்தார். நடுங்கின. எடுத்தார். நின்றன. கடைக்கு வந்தவர்களிடம் இந்த லென்ஸில் தெரிகிறதா, இதில் தெரிகிறதா என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறவர்போல, அவசரமே இல்லாமல், மறுபடி வைத்தார்.