முதல் பாதியைப் பின்னால் பார்த்தவர்கள்

என் அக்காவின் கணவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் அது யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் கியாரண்டி. செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்த காலத்தில் "கடிக்காது, நான் கியாரண்டி" என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பெயர். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தில் சிடி வாடகைக் கடை திறந்தார். பெயரும் கூடவே வந்துவிட்டது.

அத்தான் கடையின் முன்னால் நிற்பார். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, திரும்பி வரும் சிடிகளைத் துடைப்பேன். நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் விழும். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை ஒத்துப்போயிற்று. பேசாமல் இருந்தால் நிறையப் பார்க்கலாம். படம் பிடித்தவர்கள் கவரைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவார்கள். பிடிக்காதவர்கள் மேஜையில் வைத்து ஒற்றை விரலால் தள்ளுவார்கள்.

எந்தப் படத்தையும் இரண்டு தடவை பார்க்காமல் அத்தான் வாடகைக்கு விட்டதில்லை. காலைப் பார்த்துச் செருப்பு அளவு சொன்ன மாதிரி, ஆளைப் பார்த்துப் படம் சொல்வார். "இது உங்களுக்கு வேணாங்க, மாமியாரோட உக்காந்து பாக்க முடியாது" என்பார் ஒருவரிடம். "அழற படம் கேக்காதீங்க, போன தடவை எடுத்துட்டுப் போய் மறுநாள் கடையே திறக்கல நீங்க" என்பார் இன்னொருவரிடம். பெரும்பாலும் அளவு தப்பாது.

ஆனாலும் வரவர ஆள் குறைந்தது. வீட்டுக்கு வீடு கேபிள் வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து, பழைய செருப்புக் கடை முதலாளி அக்காவிடம் சொல்லி அனுப்பினார். சூப்பர்வைசர் வேலை காலியாக இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று.

"என்னங்க, பதில் சொல்லுங்க" என்றாள் அக்கா.

"ஒரு படம் வருது. லாட்ஜ் படம். இருக்கற சிரிப்பு நடிகருங்க எல்லாரும் ஒரே லாட்ஜுல. இது ஓடலைன்னா நானே ஷட்டரை இறக்கிட்டுப் போய் செருப்பு மாட்டி விடறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் கியாரண்டி."

"அதெல்லாம் கடையில வச்சுக்கோங்க."

படம் வந்தது. தியேட்டரில் வந்த சுவடே தெரியாமல் போன படம். இருந்தாலும் அத்தான் பார்த்துவிட்டு ஒரே பிடியாக ஆறு செட் வாங்கினார். 'சிரிக்கவில்லை என்றால் அடுத்த படம் இலவசம்' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டார். ஒவ்வொரு செட்டிலும் இரண்டு சிடி. இரண்டின் மேலும் ஒரே படம்தான், எல்லா நடிகர்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது. எது முதல் பாதி, எது இரண்டாம் பாதி என்பது எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. அதனால் அத்தான் பெரிதாக ஒன்று, இரண்டு என்று எழுதிய மஞ்சள் ஸ்டிக்கர்களை ஒட்டினார். பாதி ஒட்டியிருந்தபோது அக்கா சாப்பாட்டுக் கேரியரோடு வந்து, பதில் என்ன ஆயிற்று என்று கேட்டாள். பேச்சு முற்றிவிட்டது. மீதி ஸ்டிக்கர்களை அவர் வாய் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக ஒட்டி முடித்தார்.

முதலில் திருப்பிக் கொண்டுவந்தவர் தையல்காரம்மா. ஒற்றை விரலால் தள்ளினார்.

"ஆளாளுக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வர்றான், சாவி வாங்கறான், மாடி ஏறறான். இதுல எங்கங்க சிரிக்கணும்? பாதியில தூங்கிட்டேன். இலவசத்தை எடுங்க."

அடுத்து ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். கவரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு நாள் வச்சுக்கறேண்ணே. எடுத்த எடுப்புல ஒருத்தன் அலமாரிக்குள்ள இருந்து பொத்துன்னு விழறான். எம் பொண்டாட்டி சோபாவுல இருந்து விழுந்துட்டா."

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தள்ளினார். மருந்துக் கடைக்காரர் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். ஒரே வீட்டு மாடியில் சிரித்தார்கள், கீழே கொட்டாவி விட்டார்கள். இலவசப் படங்கள் போனதைவிட, அளவு பிடிபடாமல் போனதுதான் அத்தானை வாட்டியது. "சிடுமூஞ்சி சிரிக்கறான், சிரிச்ச மூஞ்சி முறைக்கறான். எனக்கு ஆளே தெரியாமப் போச்சா?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் வேன்காரர் சிடியைத் திருப்பித் தர வந்தபோது தையல்காரம்மாவும் கடையில் இருந்தார்.

"தம்பி, இந்தப் படத்துக்கா சிரிச்சீங்க? உங்களுக்கு யாராவது கிச்சுகிச்சு மூட்டினாங்களா?"

"அந்த அலமாரி சீனுக்குமா உங்களுக்குச் சிரிப்பு வரல? மொத சீனே அதானேக்கா."

"மொத சீனு பஸ்ஸு வர்றதுல்ல? ஜட்ஜு பஸ்ஸ விட்டு எறங்குவாரு."

"பஸ்ஸு பாதிக்கு மேலதான வருது? அங்கதான பேரே போடறாங்க."

"பேரைப் போய் பாதியில போடுவாங்களா?"

"இப்பல்லாம் அப்படித்தான் எடுக்கறாங்க. கதையைப் பிச்சு முன்ன பின்ன போட்டுடுவாங்க. நாமதான் புரிஞ்சுக்கணும்."

நான் துடைப்பதை நிறுத்தினேன். அத்தான் வேன்காரர் கையிலிருந்து கவரை வாங்கி, ஒன்று என்று ஒட்டியிருந்த சிடியைக் கடை டிவியில் போட்டார். அலமாரி திறந்தது. ஆள் விழுந்தான். சிடியை வெளியே எடுத்து ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் எறும்பெழுத்தில் இரண்டு.

மற்ற செட்களையும் எடுத்துப் பார்த்தார். ஆறில் மூன்று சரி, மூன்று தலைகீழ். அக்கா கேரியரோடு வந்து நின்ற பிறகு ஒட்டியவை அவை.

"அப்ப எனக்குக் குடுத்தது?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"உங்களுக்குக் குடுத்தது சரியானதுதாங்க."

"சரியானதைக் குடுத்துத்தான் தூங்க வச்சீங்களா?"

அத்தானுக்கு அப்போதுதான் விளங்கியது. படத்தில் எல்லோரும் பயந்து நடுங்கும் ஜட்ஜ், உண்மையில் வேலை தேடி வந்த சமையல்காரன். அது கடைசியில்தான் தெரியும். தெரிந்துகொண்டு முதல் பாதியைப் பார்த்தால், அவன் பஸ்ஸை விட்டு இறங்குவதே சிரிப்பு. அத்தான் இரண்டு தடவை பார்த்தவர். இரண்டாம் தடவைதான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

தப்பான ஸ்டிக்கர்களை உரிக்கத் தொடங்கினார். வாடகைக்கு விடும் பொருள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தையல்காரம்மா தடுத்தார். "இருங்க இருங்க. அந்தத் தப்பானது ஒண்ணு எனக்குக் குடுங்க."

மறுநாள் வந்தபோது கவர் அவர் கையிலேயே இருந்தது. பேசிக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு அத்தான் எல்லோரிடமும் "நேராவா, தலைகீழாவா?" என்று கேட்க ஆரம்பித்தார். நேராகப் பார்த்துத் தள்ளியவர்கள் தலைகீழாகப் பார்க்க வந்தார்கள். எது உசத்தி என்று வாசலில் நின்று சண்டை போட்டார்கள். வாத்தியார் மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படிக் கூட்டினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான் என்றார்.

அக்கா அசையவில்லை. "தப்பா ஒட்டினதால ஒரு படம் ஓடுது. அடுத்த படம் எதால ஓடும்?"

அத்தான் ஒரு தலைகீழ் செட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடை விடுமுறையன்று மத்தியானம், அவர் வீட்டு டிவியில் அந்தப் படத்தைத் தலைகீழாகப் போட்டார். அக்கா டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துவைத்த துணிகளை மடித்தாள். நான் படத்தைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். அலமாரியிலிருந்து ஆள் விழுந்தான். அவள் தலையணை உறையை மடித்தாள். வரிசையாகக் கதவுகள் அடித்துச் சாத்தின. பாவாடையை மடித்தாள். அத்தான் எழுந்து சிடியை மாற்றினார். பேரெல்லாம் போட்டு முடித்து, பஸ் வந்து நின்றது. ஜட்ஜ் கைத்தடியோடு இறங்க, லாட்ஜில் இருந்தவர்கள் எல்லோரும் பதறி எழுந்து நின்றார்கள்.

அக்காவின் கையில் துண்டு பாதி மடிப்பில் நின்றது. மெதுவாகத் திரும்பினாள்.

"கரண்டி பிடிக்கிறவனுக்கா இத்தனை பேரும் எந்திரிச்சு நிக்கறானுங்க?"

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் கடையில் இருந்த இத்தனை காலத்தில் அவள் ஒரு படத்தைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அத்தான் படத்தைப் பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு அவளையே பார்த்தார்.

"இன்னிக்கு மாசக் கடைசி" என்றார். "பதில் சொல்லணும்ல."

"படம் முடியட்டும்."

முடிந்ததும் அவளே முதலாளிக்குப் போன் செய்தாள். இப்போது வர முடியாது என்று சொன்னாள். வருகிற வருஷம் அந்த இடம் காலியாக இருக்குமா என்றும் கேட்டு வைத்துக்கொண்டாள். பிறகு வந்து, மடிக்காமல் விட்ட துண்டை எடுத்தாள்.

"அடுத்த படத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டறப்ப சொல்லி அனுப்புங்க" என்றாள் அத்தானிடம். "கேரியரோட வந்து சண்டை போடறேன்."