மூன்றாவது சிலிண்டருக்குப் போன வயர்

யூலான் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் பட்டறை வாசலில், சாக்கடையோரம் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். பஞ்சரான ஸ்கூட்டரோடு நின்ற என்னைப் பார்த்து, வாயைத் துடைத்தபடி, "இன்னைக்கு வேற எதையும் தொடமாட்டேன். நாளைக்கு வா தம்பி" என்றாள். அந்தக் குமட்டலின் கதை யுவான்லின் ஊரில் பழகிப் பழகித்தான் எனக்குக் கிடைத்தது.

பட்டறை அவளுக்கும் அவள் அண்ணன் சுங்யுவானுக்கும் பொது. வாசல் பெயர்ப்பலகையில் இருவர் பெயரும் உண்டு. வண்டி ஏன் படுத்தது என்று சுங்யுவான் ஒருநாளும் தேடமாட்டான். பழையதைக் கழற்றுவான், புதியதை மாட்டுவான், கைதட்டித் தூசியை உதறிவிட்டுச் சாப்பிடப் போவான். அவனுக்கு நம்பிக்கையெல்லாம் பச்சைப் பொட்டலத்தின் மேல்தான். தேங்காய்ச் சுவைச் சோளப்பொரி; அதன் பெயருக்கே 'சொன்ன பேச்சு கேள்' என்று பொருள். கணினி அடம்பிடிக்காமல் இருக்க அதன் தலையில் ஒன்று வைப்பது அங்கே ஊர் வழக்கம். பச்சை நிறமாகவே இருக்கவேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது. வண்டிக் கோளாறைப் படித்துக் காட்டும் யூலானின் ஸ்கேனர் மேலும் ஒன்று உண்டு. அதை அவள் குறையாக நினைத்ததில்லை.

நான் ஸ்கூட்டரோடு போய் நின்ற அன்று காலை டாக்ஸிக்காரர் லியாவ் வந்தார். வெற்றிலைச் சாற்றைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"உங்கண்ணன் பிளக்கை மாத்தினான். அப்ப கொஞ்ச நாள் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் திக்க ஆரம்பிச்சதும் காயிலை மாத்தினான். திரும்பத் திக்குச்சு, இன்னொரு காயில். இனிமே மாத்தறதுக்கு நான் ஒருத்தன்தான் பாக்கி."

"நீங்க ஓட்டுற ஓட்டுக்கு உங்களையும் மாத்தத்தான் வேணும் பெரியப்பா. சாவியக் குடுங்க."

"சிரிக்காதம்மா. ஊருக்குள்ள பூனைக்குட்டி மாதிரிப் போவுது. நெடுஞ்சாலை ஏத்தத்துல மிதிச்சேன், அப்படியே குலுங்கி நின்னுடுச்சு. பின்னாடி லாரி. பின்சீட்டுல ஆஸ்பத்திரிக்குப் போற கெழவி. ஸ்டாண்டுல எல்லாரும் என்ன பேசுறானுங்க தெரியுமா? பலகையில ரெண்டு பேர் இருந்தும் ஒருத்தருக்கும் வேலை தெரியலேங்கிறானுங்க."

யூலானுக்குச் சுருக்கென்றது. கல்யாணம் வேண்டாமென்று இந்த எண்ணெய்க் கறைக்குள்ளேயே வயதைக் கழித்தவள். அவளுக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஸ்கேனரை லியாவ் மடியில் வைத்துவிட்டு அவளே ஓட்டினாள். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்ததும் துக், துக், துக். மூன்றாவது சிலிண்டர் என்றது ஸ்கேனர். பட்டறைக்குத் திரும்பி, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களில் மூன்றின் காயிலை ஒன்றிலும் ஒன்றின் காயிலை மூன்றிலும் மாட்டி மறுபடி ஏற்றத்துக்கு ஓட்டினாள். கோளாறு காயிலோடு இடம் மாறவில்லை. மூன்றிலேயே திக்கியது. பிளக்கையும் அப்படியே மாற்றிப் பார்த்தாள். மூன்றுதான்.

"காயில் மேல குத்தமே இல்ல. நல்ல காயிலைக் கழட்டிக் குப்பையில போட்டிருக்கான், பாவி."

பிறகு லியாவை உள்ளே உட்கார்த்தி, பிரேக்கை இறுக்கி மிதித்தபடி கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தச் சொன்னாள். அவள் பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்தாள். இழுவை ஏறியதும் என்ஜின் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மூன்றாவது காயிலுக்குப் போகும் வயர் விறைத்தது. திக்கல் தொடங்கியது. அந்த வயர் என்ஜினின் பின்பக்கத்து மூடிக்குள் போயிற்று.

மூடியைக் கழற்றினாள். முதலில் நாற்றம் வந்தது. வேகவைத்த மூத்திர நாற்றம். பிய்த்த பஞ்சு, மயிர், புழுக்கை. நடுவில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள். ஒன்று செத்து, அதில் புழு நெளிந்தது. எல்லாவற்றின் மேலும் பச்சைப் பிளாஸ்டிக் துணுக்குகள், ஊறிப்போன சோளப்பொரி. கடிபட்ட வயரில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு செம்பு இழை. மெதுவாகப் போகையில் அந்த இழை தாங்கியது. என்ஜின் சாய்ந்ததும் அதுவும் விலகிப்போய்ப் பொறி நின்றது.

அப்போதுதான் அவள் சாக்கடைக்கு ஓடினாள்.

உள்ளே சுங்யுவான் மீன் உருண்டை சூப் குடித்துக்கொண்டிருந்தான். யூலான் ஒரு பச்சைத் துணுக்கை அவன் முன்னால் போட்டாள்.

"பானெட்டுக்குள்ள இத வெச்சது யாரு?"

"நான்தான். பிளக் மாத்துன அன்னைக்கு, வண்டி சொன்ன பேச்சு கேக்கட்டும்னு."

"எலிக்கு விருந்து வெச்சிருக்கண்ணே! தின்னது போக வயரையும் கடிச்சிருக்கு. அந்தக் கெழவி லாரிக்கடியில போயிருப்பா."

அவன் அந்தத் துணுக்கைச் மீன் உருண்டையைக் கவ்விய குச்சியாலேயே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"இந்தா பாரு, தேதி முடிஞ்சுபோச்சு! அதான் பலிக்கல. நல்லவேளை, புது கட்டு வாங்கி வெச்சிருக்கேன்." குச்சியை மறுபடி சூப்பில் விட்டான். "பெரியவர்கிட்ட வயர் பழசாயிடுச்சுன்னு சொல்லிடு. அவருக்கென்ன தெரியப்போவுது?"

யூலானுக்கு எலிக்கூட்டைவிட இது குமட்டியது. வெளியே போய் லியாவைக் கூப்பிட்டு, கூட்டைக் காட்டி, நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

லியாவ் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "குடும்பத்தோட குடியிருந்திருக்கு. மீட்டர்கூடப் போடல நான்."

வயரை மாற்றி, அந்த இடத்தை வெந்நீரும் மருந்தும் ஊற்றிக் கழுவினாள். கையில் நாற்றம் போகவில்லை. ஏற்றத்தில் லியாவே தரையோடு மிதித்தார். வண்டி ஒரே மூச்சில் ஏறியது. லியாவ் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. திரும்பி வந்தபோது சுங்யுவான் இன்னொரு வண்டியின் பானெட்டைத் திறந்துவைத்து, பொட்டலத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தான். யூலான் ஏணி போட்டு ஏறி, பலகையிலிருந்த தன் பெயர்த் தகட்டை நெம்பி எடுத்தாள்.

"ஏய், பலகை பொத்தலா நிக்குது பாரு!" என்றான் அண்ணன்.

"அங்கயும் ஒரு பொட்டலத்த ஒட்டிக்கோ."

இப்போது யூலான் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் தனியாகப் பட்டறை வைத்திருக்கிறாள். டாக்ஸி ஸ்டாண்டு வண்டிகளில் பாதி அவளிடம் வருகின்றன. அண்ணனோடு பேச்சில்லை.