உரலில் இடிக்கக் கூடாத நண்டு

எனக்குத் தெரிந்த நண்டெல்லாம் எங்கள் மலை ஓடையில், ஓயாவில், கல்லைப் புரட்டினால் ஓடுமே, அதுதான். கட்டைவிரல் அளவுகூட இருக்காது. வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் நாலைப் பிடித்து வந்து, ஓட்டோடு உரலில் போட்டு இடித்து, சாற்றை வடிகட்டி ரசம் வைப்போம். சக்கை கோழிக்கு. மலையில் நாங்கள் நண்டு சாப்பிட்ட லட்சணம் அவ்வளவுதான். அதனால் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு நானுஓயா ஸ்டேஷனுக்கு லொறியில் போய்வந்த என் வீட்டுக்காரர் ஈரச்சாக்கை அவிழ்த்துக் காட்டியபோது, நான் அடுப்படியிலிருந்து ஒரே தாவலில் வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளங்கையைவிடப் பெரிதாக, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, உயிரோடு கடல் நண்டு. துரை பங்களாவுக்கு ரயிலில் மீன் கொண்டுவருகிற ஆளிடம் கெஞ்சி வாங்கினாராம்.

"நீ கேட்ட, கொண்டாந்துட்டேன். இனி பொம்பளைங்க பாத்துக்குங்க" என்று சாக்கை என் காலடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கேட்டது நான்தான். எனக்காக இல்லை. கொழுந்தெடுக்கும்போது எனக்கு அடுத்த நிரையில் நிற்பவள், மேல் லயத்து வரிசை வீட்டுக்காரி, அப்போது முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தது. இந்தத் தடவை மாதம் ஏறியும் வாந்தி நிற்கவில்லை. கூப்பன் அரிசிச் சோறு கொதிக்கிற வாசனைக்கே வெளியே ஓடுவாள். ரொட்டியும் தங்கவில்லை, கஞ்சியும் தங்கவில்லை. கூடையைத் தலையில் மாட்டினால் ஆள் ஆடினாள். "எது தங்குதோ அதக் குடுங்க, சாப்பிடாட்டி புள்ள நிக்காது" என்று தோட்டத்து டாக்டர் ஐயா கையை விரித்துவிட்டார். உனக்கு என்னதான்டி வேணும் என்று நான் நச்சரித்து நச்சரித்து, ஒரு நாள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"கடல் நண்டுக் கறின்னா தின்னுருவேன்போல இருக்குக்கா."

மசக்கைக்காரி புளி கேட்பாள், மாங்காய் கேட்பாள், அடுப்புச் சாம்பலைக்கூடக் கேட்பாள். மேகம் வீட்டுக்குள் நுழைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் நண்டு கேட்பாளா? நன்றாகத் திட்டினேன். அன்று சாயந்திரமே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

சாப்பிட அவளையும், சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா மதினியையும் கூப்பிட்டிருந்தேன். நாங்கள் மூன்று பேரும் ஒரே மலையில் வேலை, ஒரே வாய்ச்சண்டை. மதினி முதலில் வந்தார். கையில் உரித்த கோழி.

"நண்ட நாம தின்னுக்குவோம். அவளுக்குக் கோழி. நண்டு சூடு, கலைஞ்சு போயிரும். மருத்துவச்சிகிட்ட கேட்டுட்டுதான் வாரேன்."

டாக்டரோ எது தங்குகிறதோ அதைக் கொடு என்கிறார். மருத்துவச்சியோ இதைக் கொடுக்காதே என்கிறாள். தின்னாவிட்டாலும் பிள்ளை போய்விடும், தின்றாலும் பிள்ளை போய்விடும் என்றால் நான் எந்தப் பக்கம் திரும்புவது? யார் சொன்னது சரி என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. கோழியைக் கழுவி, மிளகும் சீரகமும் அரைத்துச் சட்டியில் ஏற்றினேன். அதற்குப் பிறகு நண்டை என்ன செய்வது? தெரிந்ததைத்தான் செய்வோம் என்று ஒன்றைத் தூக்கி உரலில் போட்டு உலக்கையை ஓங்கினேன்.

"அக்கா! உலக்கைய வைங்க! வைங்கக்கா!"

வாசலில் அவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து உலக்கையைப் பிடுங்கினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, புடைவையைச் செருகிக்கொண்டு, கத்தியைக் கேட்டாள். நண்டைக் கவிழ்த்து அடிவயிற்றில் ஒரு குத்து. கால் ஆட்டம் நின்றதும் மேல் ஓட்டைக் கழற்றி, உள்ளே பஞ்சு மாதிரி இருந்ததைப் பிய்த்து எறிந்து, உடம்பை இரண்டாக ஒடித்து, கொடுக்கைக் கத்தியின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டிச் சட்டியில் போட்டாள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். தேங்காயில் முதல் பால் தனியா, ரெண்டாம் பால் தனியா எடுங்க என்றாள். முருங்கைக்கீரை இருக்கா என்றாள். இந்தக் குளிரில் முருங்கைக்கு நான் எங்கே போவேன்? அப்ப விடுங்க என்றாள்.

"எங்கடி கத்துக்கிட்ட?" என்றேன்.

"கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு விட்டிருந்தாங்கல்ல. சின்னதுலேருந்து கல்யாணம் வரைக்கும் அங்கதான். வாரம் தவறினாலும் நண்டு தவறாது."

கொதிக்கிற சட்டியின் மேல் குனிந்து மோந்து பார்த்து உப்புப் போட்டாள். அவளுக்குக் குமட்டவில்லை. எனக்குத்தான் குமட்டியது.

மூன்று தட்டு வைத்தேன். அவள் தட்டில் கோழிக்குழம்பை மதினி ஊற்றினார். நான் ஒரு நண்டை எடுத்து வைத்தேன். மதினி முறைத்தார், எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன், மறுபடி வைத்தேன். அவளோ இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தபடி இருந்தாள்.

"பாத்தியா, அவளுக்கே பயம் வந்திருச்சு" என்றார் மதினி.

எனக்கும் அப்படித்தான் பட்டது. இத்தனை பாடு படுத்திவிட்டு இப்போது பயமா என்று கோபமும் வந்தது. "வேணாம்னா விடுடி, யாரும் ஒன்ன கட்டாயப்படுத்தல" என்றேன்.

அவள் நண்டைக் கையில் எடுத்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். கொடுக்கை வாயருகே கொண்டுபோய் நக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அக்கா, இத எப்படித் திங்கிறது?"

"என்னடி கேள்வி இது? அத்தன வருசம் அந்த வீட்டுல ஆக்கிப் போட்டிருக்க!"

"மேசையில கொண்டுபோய் வச்சதும் கதவ சாத்திருவாங்கக்கா. அப்புறம் ஓடுதான் வரும், அள்ளிக் கொட்டுறதுக்கு."

அழுகையும் வந்தது, முகம் தெரியாத அந்த வீட்டுக்காரர்கள்மேல் ஆத்திரமும் வந்தது. திறந்து காட்டலாமென்றால் எனக்கும் தெரியாது, மதினிக்கும் தெரியாது.

மதினி அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். கொடுக்கைத் தன் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்தார். ஓட்டுத் துண்டைத் துப்பினார், உதட்டில் ரத்தம் கசிந்தது. உள்ளேயிருந்த வெள்ளைச் சதையை நகத்தால் நெம்பி எடுத்து, ஓட்டுச் சில்லு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, அவள் வாயில் வைத்தார்.

அவள் மென்றாள். விழுங்கினாள். வாந்தி வந்தால் பிடிக்க நான் வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் மதினி பக்கம் திரும்பி மறுபடியும் வாயைத் திறந்தாள்.