கழலாத ஸ்கூட்டர்

மருதமுனைக் கடலடியில் சிக்கிய வலைகளை எடுத்துத் தரும் சுழியோடி அவர், மெலிந்த மனிதர். நீருக்கடியில் ஆளை இழுத்துச் செல்லும் ஸ்கூட்டரை இடுப்புப் பட்டியில் மாட்டியதும், கண்ணை மூடி, ஒற்றைக் கையால் கொழுக்கியை மூன்று தரம் கழற்றிப் பார்ப்பார். அன்று கொழுக்கி உடைந்திருந்தது. பள்ளி மாஸ்டரான எனக்கு என் மகன் அனுப்பி, நான் அவருக்கு இரவல் கொடுத்திருந்த ஸ்கூட்டர் தொலைந்துவிடும் என்று பயந்து, நைலோன் கயிற்றால் நானே இறுக்கிக் கட்டினேன்.

“ஒரு இழுவைக்குக் கழரணும், மாஸ்டர்.”

“கழண்டா மெஷின் போகிடும். ரெண்டு பேரும் ஒண்டா வாங்க,” என்றேன். சிரித்துவிட்டு இறங்கினார்.

கீழே ஓட்டும் விசை சிக்கி, ஸ்கூட்டர் நிற்காமல் அவரைச் சடுதியாக மேலே இழுத்து வந்தது. கயிறு அவிழவில்லை. நீந்தத் தெரியாத நான் தோணியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவர் ஆழத்திலிருந்து அவ்வளவு வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிடும்; அன்றோடு அவர் கால்கள் செத்துப்போயின.

தோணியில் கிடத்தியபோது, “மெஷினுக்கு ஒண்டுமில்லையே, மாஸ்டர்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். முதலில் நான் பார்த்ததும் அதைத்தான்.