யூலை இருபது: ஒரு திருத்தம்

புதன்கிழமை காலை மெட்ரோவுக்குக் காத்து நின்றபோது மரியதாஸ் அண்ணையின் மகள் அழைத்தாள். "அங்கிள், அப்பா மோசம் போயிட்டார்." சாவுச் செய்தி கேட்டும் எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா மனிதர்? அடுத்த இதழில் அவருடைய திருத்தத்தைக் கட்டாயம் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேனே!

எங்கள் தேவாலயப் பங்கின் தமிழ் மாத இதழுக்கு நான் ஆசிரியன். அதில் 'அமெரிக்காவில் இந்த மாதம்' என்ற பக்கத்தை ஒன்பது வருடமாக அவர்தான் எழுதினார். கனடாவில், மொன்றியல்-நோரில் குடியிருக்கிற மன்னார்க்காரருக்கு அமெரிக்க வரலாறு எதற்கு என்று ஒருமுறை கேலி செய்தேன். "ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் அவன்ரை எல்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஆரெண்டு தெரியாமல் இருக்கேலுமே?" என்றார்.

திகதி விஷயத்தில் பொல்லாத மனிதர். சுதந்திரத்துக்கு வாக்களித்தது யூலை இரண்டு, பிரகடனத்தை ஏற்றது யூலை நான்கு என்று ஒருமுறை அரைப் பக்கம் எழுதினார். "ஆர் அண்ணை இதை வாசிக்கப் போயினம்? சுருக்குங்கோ" என்றேன். "ஆரும் வாசிக்காட்டிலும் சரியா இருக்கவேணும்" என்றவர் ஒரு சொல்லும் குறைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருட யூலை இதழில்தான் வினை. மனிதன் சந்திரனில் கால் வைத்த நாளை யூலை இருபது என்று எழுதியிருந்தார். எனக்கு அது இருபத்தொன்று. அன்று காலை யாழ்ப்பாணத்தில், எங்கள் வீட்டு வானொலியில், என் காதால் கேட்டவன் நான். அவரைக் கேட்காமலே வெட்டி, இருபத்தொன்று என்று போட்டேன். எங்களுக்கு விடிந்தபோது அமெரிக்காவில் இன்னும் முதல் நாள் இரவு என்பது இந்த மரமண்டைக்கு எட்டவில்லை.

இதழ் வந்த ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் அவரை மறித்தார். "என்ன அண்ணை, அமெரிக்கனை ஒரு நாள் பிந்திச் சந்திரனுக்கு அனுப்பிப்போட்டியள்?" நாலு பேர் சிரித்தார்கள். அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். "அதிலை கிடக்கிறது என்ரை பேர். பிழையும் என்ரைதான்" என்றார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

என் காரில் ஏறியதும், "திருத்தம் ஒண்டு போடும்" என்றார்.

"பேந்து போடுவம் அண்ணை."

ஓகஸ்டில் இடமில்லை என்றேன். செப்டெம்பரில் மறந்துவிட்டேன் என்றேன். மாற்றியவன் நான்தான் என்று எழுத வெட்கம், அதுதான் உண்மை. "பேந்து எண்டால் எப்ப?" என்று மாதா மாதம் கேட்டாரே தவிர, என்னை எவரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. நாலு பேர் முன்னால் என்னைப் பேசித் தொலைத்திருக்கலாமே! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பூதவுடல் வைத்திருந்த மண்டபத்தில் மகள் சொன்னாள்: "ஆஸ்பத்திரியிலயும் உங்கடை மாதப் புத்தகத்தைத்தான் கேட்டவர், அங்கிள். திருத்தம் வந்திட்டுதோ எண்டு பாக்கச் சொன்னவர். என்ன திருத்தம் அது?"

பெற்ற மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

அவர் எழுதித் தந்த தாள் என்னிடம் இருக்கிறது. நீல மையில் அவருடைய இருபது, அதன்மேல் என் சிவப்புக் கோடு. அவர் நினைவாக அதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். அன்று சிரித்தவர்களுக்கும் மகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அண்ணை எழுதியது யூலை இருபது. அதுவே சரி. அவரைக் கேட்காமல் மாற்றியவன் நான்.

இதை எழுத எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாசிக்கத்தான் அவர் இல்லை.